கண்டி நகர வாணிபமும் மின்னொளிப் பலகையும்

வாணிபம் செய்வோன் நல்ல பொருளை வைத்திருத்தல் மாத்திரம் போதாது. அப்பொருள் தன்னிடத்து உண்டென்பதை வழிச்செல்வோர் அறியுமாறு செய்தலும் வேண்டும். இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். காவிரிப்பூம்பட்டினத்தின் தெருக்களில் விளங்கிய பல்வகைக் கொடிகளைப் பட்டினப்பாலை விரித்துரைக்கின்றது. எழுத்தறியாதாரும் கொடியைக் கண்டு கடையை அறிந்தனர். பின்னர்க் கொடியின் இடத்தை எழுதிய மரப்பலகை பெற்றது. 1910ஆம் ஆண்டில் ஜோர்ஜ் குளோட் என்னும் பிரெஞ்சு அறிஞர் பாரிஸ் நகரிலே நியோன் விளக்கினைக் காட்சிக்கு வைத்தபின், வளைந்த கண்ணாடிக் குழாய்கள் பெயர்ப்பலகைகளாக ஒளிரத் தொடங்கின. இன்று அக்குழாயும் அருகி, எண்ணிறந்த சிறு புள்ளிகளால் எழுத்தையும் படத்தையும் தோற்றுவிக்கும் மின்னொளிப் பலகை கடைவாயில்களை அணி செய்கின்றது.

கண்டி நகரின் மணிக்கூட்டுக் கோபுரத்தருகே நின்று தலதா வீதியையும் பேராதனை வீதியையும் நோக்குவார்க்கு இம்மாற்றம் எளிதிற் புலனாகும். நகைக்கடை, புடைவைக்கடை, மருந்தகம், உணவகம், தனியார் கல்வி நிலையம் ஆகிய பலவும் இப்பலகையை நாடுகின்றன. கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, கம்பளை முதலிய அயலூர்களிலும் இவ்வழக்கம் பரவியுள்ளது. ஆயினும் வாங்குவோரிற் பலர் விலையையும் பளபளப்பையும் கண்டு முடிவு செய்கின்றனரேயன்றி, தம் தேவைக்கு உரிய இயல்புகள் யாவை என ஆராய்வதில்லை. அதன் விளைவாகப் பொருள் வீணாவதோடு, தமிழெழுத்து உருக்குலைந்து தோன்றும் அவலமும் நேர்கின்றது. சிங்களமும் ஆங்கிலமும் செவ்வனே ஒளிரும் பலகையிலே தமிழ் மட்டும் சிதைந்து நிற்றல் வாணிபக் குறை மாத்திரமன்று, மொழிக் குறையுமாகும். ஆதலின் மின்னொளிப் பலகையின் இயல்புகளையும், அவற்றைத் தெரிந்தெடுக்கும் முறையையும் ஆராய்தல் பயனுடைத்து.

ஒளிகாலும் இருவாயி

இப்பலகையின் உயிர்நாடி எல்.ஈ.டி. எனச் சுருங்க வழங்கும் ஒளிகாலும் இருவாயியாகும். மின்குமிழிலே மெல்லிய இழை சூடேறி ஒளிர்கின்றது. இருவாயியிலோ அத்தகைய இழை இல்லை. இருவகைக் குறைகடத்திகள் கூடும் எல்லையில் எதிர்மின்னும் துளையும் ஒன்று சேரும்போது எஞ்சும் சத்தி ஒளியாக வெளிப்படுகின்றது. எனவே வெப்பமாக வீணாகும் பங்கு குறைகின்றது.

கண்ணுக்குப் புலனாகும் செவ்வொளியைத் தரும் இருவாயியை 1962ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் நிக் ஹொலொன்யாக் அமைத்தார். பச்சை, மஞ்சள் ஆகியன அடுத்து வந்தன. பிரகாசமான நீலம் மாத்திரம் நெடுங்காலம் கைகூடவில்லை. 1990களின் தொடக்கத்திலேதான் அது வெற்றிபெற்றது. அதன்பொருட்டு இசாமு அக்காசாக்கி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாக்கமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டில் பௌதிகவியல் நோபெற் பரிசு வழங்கப்பட்டது. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றும் கூடினாலன்றிப் பல்வண்ணப் படம் தோன்றாது. ஒரு நிறப் பலகை மலிவாகவும் பல்வண்ணப் பலகை விலையுயர்ந்ததாகவும் இருப்பதற்கு ஒரு காரணம் ஈண்டே உளது: முன்னதில் ஒரு புள்ளிக்கு ஓர் இருவாயி; பின்னதில் ஒரு புள்ளிக்கு மூன்று.

புள்ளிகளின் இடைத்தூரம்

வாங்குவோர் முதலில் அறிய வேண்டியது, அடுத்தடுத்த இரு புள்ளிகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரமாகும். பி-10 என்பது 10 மில்லிமீற்றரையும், பி-5 என்பது 5 மில்லிமீற்றரையும் குறிக்கும். பலகைகள் சிறு துண்டங்களை இணைத்து அமைக்கப்படுவன. சந்தையிற் பெரிதும் வழங்கும் துண்டத்தின் நீளம் 320 மில்லிமீற்றர். உயரம் 160 மில்லிமீற்றர். இவ்வளவிலே பி-10 துண்டத்தில் 32 நெடுவரிசையும் 16 கிடைவரிசையும், பி-5 துண்டத்தில் 64 நெடுவரிசையும் 32 கிடைவரிசையும் அமையும்.

இடைத்தூரம் பாதியானாற் புள்ளிகளின் தொகை இரு மடங்காகும் எனக் கருதுதல் பிழை. அது நான்கு மடங்காகும். ஒரு சதுர மீற்றர் பரப்பிலே பி-10 பலகைக்கு 10,000 புள்ளிகளும், பி-5 பலகைக்கு 40,000 புள்ளிகளும், பி-2.5 பலகைக்கு 160,000 புள்ளிகளும் உள. விலையும் அதற்கியைய ஏறுகின்றது. எனவே நுண்மையான பலகை யாவர்க்கும் சிறந்தது எனல் பொருந்தாது. காண்போர் எவ்வளவு தூரத்தில் நிற்பர் என்பதே இதனைத் தீர்மானிப்பது.

நற்பார்வையுடைய கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு கூறளவு விலகிய இரு புள்ளிகளை வேறுபடுத்திக் காண வல்லது. இக்கணக்கின்படி பி-10 பலகையின் புள்ளிகள் ஏறத்தாழ 34 மீற்றருக்கு அப்பாலேயே முற்றாக ஒன்று கலக்கும். பி-5 பலகைக்கு 17 மீற்றர் போதும். வணிகர் வழக்கில், ஒரு மில்லிமீற்றர் இடைத்தூரத்துக்குக் குறைந்தது ஒரு மீற்றர் விலகி நின்று காணல் வேண்டும் என்பது எளிய விதி. கண்டியின் பழைய வீதிகள் அகன்றனவல்ல. எதிர்ப்புற நடைபாதையில் நிற்பவர் சில மீற்றர் தூரத்திலேயே நிற்கின்றார். அத்தகைய இடத்தில் முகம், நகை, உடை முதலியவற்றின் படத்தைக் காட்ட விரும்புவோர்க்குப் பி-10 உதவாது. பெயர், நேரம், அறிவித்தல் ஆகியவற்றை எழுத்திற் காட்ட விரும்புவோர்க்கோ அதுவே போதுமானது. எழுத்தைப் படித்தற்குப் புள்ளிகள் கலந்தே தோன்றல் வேண்டும் என்னும் நியதி இல்லை.

தமிழெழுத்தும் புள்ளிக்கட்டமும்

ஈண்டுத் தமிழ் வணிகர் சிறப்பாகக் கருத்திற் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஆங்கிலப் பேரெழுத்து ஒவ்வொன்றையும் 5 புள்ளி அகலமும் 7 புள்ளி உயரமும் உடைய கட்டத்துள் அடக்கிவிடலாம். தமிழெழுத்து அவ்வாறு அடங்குவதன்று. 'கு', 'ரு' போன்றன வரிக்குக் கீழே இறங்குகின்றன. 'கி', 'கீ' ஆகியவற்றின் விசிறியும், மெய்யெழுத்தின் புள்ளியும் வரிக்கு மேலே எழுகின்றன. ஆதலின் எழுத்தின் நடுவுடலுக்கு 9, மேற்பகுதிக்கு 3, கீழ்ப்பகுதிக்கு 4 என 16 கிடைவரிசையேனும் இருந்தாற்றான் அது தெளிவுபெறும். பி-10 துண்டம் ஒன்றின் உயரம் முழுவதும் தமிழ் வரி ஒன்றுக்கே வேண்டப்படுகின்றது.

அகலத்தின் நிலையும் அஃதே. மூன்று சுழியுடைய 'ண' ஏறத்தாழ 14 நெடுவரிசையை வேண்டி நிற்கும். அதனைக் குறுக்கினாற் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, 'ண', 'ன' என்பவற்றின் வேறுபாடு மறைந்துவிடும். 'மணம்' என எழுதியதை 'மனம்' எனப் படிப்பார். ஆதலின் ஆங்கிலத்துக்கு இரு துண்டம் போதுமாயின், அதே செய்தியைத் தமிழில் நிறுத்திக் காட்டுதற்கு நான்கோ ஐந்தோ வேண்டியிருக்கும். இதனை அறியாது ஆங்கிலத்துக்கு அளவெடுத்து வாங்கிய பலகையிலே தமிழைத் திணித்தால் அது நெரிந்து தோன்றுதல் இயல்பே.

உருச்சிதைவுக்குப் பிறிதொரு காரணமும் உண்டு. கணினியிலே தமிழெழுத்துகள் யுனிக்கோட் முறைப்படி ஒலிக்கும் ஒழுங்கிற் சேமிக்கப்படுகின்றன. 'தே' என்பதற்கு முதலில் தகரமும் பின்னர் ஏகாரக் குறியும் பதியப்படும். அதனைத் திரையிற் காட்டும்போது இரட்டைக்கொம்பை முன்னே கொண்டுவருதல் எழுத்தமைக்கும் மென்பொருளின் கடமை. மலிவான கட்டுப்பாட்டு அட்டைகள் சில இதனைச் செய்ய அறியா. பதிந்த ஒழுங்கிலேயே குறிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிடும். அப்போது 'தேயிலை' என்னும் சொல்லிலே கொம்பு தகரத்தின் பின்னே நிற்கும். விசிறி யகரத்தை விட்டு விலகும். சிங்கள எழுத்திலும் மெய்க்கு முன்னே நிற்கும் கொம்பு உண்டாதலின் அம்மொழிக்கும் இவ்விடர் நேரலாம்.

இதற்குப் பரிகாரம் எளிது. எழுத்தை எழுத்தாக அனுப்பாமல், கணினியிலோ கைத்தொலைபேசியிலோ வரி முழுவதையும் செவ்வையான படமாக்கி அனுப்பும் மென்பொருளை நாடல் வேண்டும். பணம் செலுத்துமுன் விற்பனையாளரிடம், 'தேயிலை, கொத்தமல்லி, வெண்ணெய், மணப்பொருள், ஸ்ரீ' என்பன போன்ற சொற்களைத் தம் கண்முன்னே பலகையில் ஓடவிடுமாறு கேட்டல் நன்று. கொம்பும் காலும் விசிறியும் கிரந்தமும் அடங்கிய இச்சோதனையில் தேறிய பலகை ஏனைய தமிழ்ச் சொற்களையும் பெரும்பாலும் செவ்வனே காட்டும்.

பிரகாசமும் புதுப்பிப்பும்

ஒளியின் அளவைச் சதுர மீற்றருக்கு இத்துணைக் கண்டெலா எனக் கூறுவர். கடையின் உள்ளே வைக்கும் பலகைக்கு 500 முதல் 1,000 வரை போதும். வெயில் நேரே படும் முகப்புக்கு 5,000 அல்லது அதற்கு மேல் வேண்டும். மேற்கு நோக்கிய கடைகளுக்குப் பிற்பகல் வெயில் பகையாதலின், ஒவ்வொரு வரிசைக்கும் மேலே சிறு கருநிழற்றடுப்பு உடைய துண்டமே ஏற்றது. அன்றியும் பகலில் தேவைப்படும் ஒளி இரவிற் கண்ணைக் கூசச் செய்யும். ஆகவே சூழலின் ஒளியை உணர்ந்து தானாகத் தணியும் உணரி உண்டா என வினவுதல் வேண்டும். அஃது இல்லையாயின், மாலை இத்தனை மணிக்கு ஒளியைக் குறைக்க என முன்கூட்டியே பணிக்கும் வசதியேனும் இருத்தல் வேண்டும்.

பலகையின் வரிசைகள் யாவும் ஒருங்கே ஒளிர்வதில்லை. ஒரு நேரத்தில் நான்கில் ஒரு பங்கு ஒளிர, மற்றவை அடுத்தடுத்து முறை பெறுகின்றன. இச்சுழற்சி மிக விரைவாக நிகழ்தலாற் கண் அதனை உணராது. கைத்தொலைபேசியின் ஒளிப்படக் கருவியோ உணரும். புதுப்பிப்பு வேகம் குறைந்த பலகையைப் படமெடுத்தாற் கரும்பட்டைகள் தோன்றும். மணமண்டபம், புடைவைக்கடை முதலிய, மக்கள் படமெடுக்கும் இடங்களில் நொடிக்கு 1,920 முறையோ 3,840 முறையோ புதுப்பிக்கும் பலகையே தகும். மருந்தகத்தின் எழுத்துப் பலகைக்கு இச்செலவு வேண்டியதன்று.

மழையும் இடியும் மின்வெட்டும்

கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் மலைகள் சூழ அமைந்த நகரம். தென்மேற்குப் பருவமழையும், ஆண்டின் இறுதியில் வரும் மழையும் இங்கு உண்டு. ஆதலின் நீர்க்காப்பு இன்றியமையாதது. ஐ.பி. என்னும் குறியீட்டை அடுத்துவரும் இரு எண்களில் முதலாவது தூசியைத் தடுக்கும் ஆற்றலையும், இரண்டாவது நீரைத் தடுக்கும் ஆற்றலையும் உணர்த்தும். ஐ.பி. 65 எனின் தூசி முற்றாகப் புகாது. பீச்சி அடிக்கும் நீரும் கேடு செய்யாது. ஆயினும் பல துண்டங்களுக்கு முகப்பு மாத்திரமே இக்காப்பினை உடையது. முதுகு திறந்தே கிடக்கும். முகப்பின் எண்ணைக் கண்டு மயங்காது, பின்புறப் பெட்டியின் காப்பையும் கேட்டறிதல் வேண்டும். பெட்டி முற்றாக மூடப்பட்டால் வெப்பம் தங்கி இருவாயியின் ஆயுளைக் குறைக்கும். திறந்திருந்தாற் பல்லியும் எறும்பும் குடிபுகும். ஆகவே கீழ்நோக்கிய காற்றுத்துளைக்கு நுண்வலையிட்ட பெட்டியே சாலச் சிறந்தது.

பருவமழைகளுக்கு இடைப்பட்ட மார்ச்சு, ஏப்பிரில் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமின்னல் மிகும். செவ்வையான புவித்தொடுப்பும் மின்னெழுச்சிக் காப்பும் இல்லாத பலகை ஒரே மாலையிற் பாழாகலாம். மின்வெட்டும் கருதத்தக்கது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டதை மக்கள் மறந்திலர். 2025 பெப்ரவரி 9ஆம் நாள், பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்றினால் நேர்ந்த தடை நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. மின்சாரம் மீண்டதும் பழைய அறிவித்தலைத் தானே தொடரும் நினைவகமும், நேரம் தவறாமற் காக்கும் சிறு மின்கலமும் கட்டுப்பாட்டு அட்டையில் இருத்தல் வேண்டும். எந்நேரமும் கணினியோடு பிணைந்திருந்தாலன்றி இயங்காத பலகை சிறு கடைக்குப் பொருந்தாது.

மின்செலவும் பேணுகையும்

மின்செலவைக் கணித்தல் அரிதன்று. ஒரு நிற பி-10 துண்டம் ஒன்று முழுமையாக ஒளிரும்போது 20 வாற்று கொள்ளும் என வைத்துக்கொள்வோம். நீளத்தில் ஆறும் உயரத்தில் இரண்டுமாகப் பன்னிரு துண்டம் சேர்ந்த பலகை 192 சதமமீற்றர் நீளமும் 32 சதமமீற்றர் உயரமும் உடையது. அதன் உச்சத் தேவை 240 வாற்று. எழுத்தைக் காட்டும்போது புள்ளிகளுள் ஏறத்தாழ நாலிலொரு பங்கே ஒளிர்தலின் வழமையான செலவு 60 முதல் 70 வாற்று வரையே ஆகும். நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலம் எரிந்தால், மாதத்திற்கு ஏறத்தாழ 20 அலகு செலவாகும். மின்வழங்கியை மாத்திரம் உச்சத் தேவைக்கே அளவிடல் வேண்டும். 5 உவோற்றிலே 240 வாற்று எனின் 48 அம்பியராகும். 40 அம்பியர் வழங்கி ஒன்றைப் பொருத்தி அதனை மூச்சுத்திணறச் செய்தல் தகாது.

இருவாயியின் ஆயுள் 50,000 மணித்தியாலம் எனக் கொண்டால், நாளுக்குப் பன்னிரு மணித்தியாலப் பாவனையில் அது பதினோராண்டுக்கு மேல் நிலைக்கும். அதற்குமுன் பழுதடைவன பெரும்பாலும் மின்வழங்கியும் இணைப்புக் கம்பியுமாம். ஆதலின் உத்தரவாதம் எப்பகுதிக்கு உரியது என்பதை எழுத்திற் பெறல் வேண்டும். வெவ்வேறு தொகுதியில் உற்பத்தியான துண்டங்கள் நிறத்திற் சற்றே மாறுபடும். பின்னாள் மாற்றிய துண்டம் ஒட்டுப்போட்ட ஆடைபோலத் தோன்றும். எனவே வாங்கும்போதே அதே தொகுதியில் ஒன்றிரண்டு துண்டங்களை மேலதிகமாகப் பெற்றுவைத்தல் அறிவுடைமை. சுவரோடு ஒட்டிப் பொருத்தும் பலகையாயின் முன்புறமாகத் திறக்கத்தக்கதைத் தெரிதல் வேண்டும்.

ஊர்ப்பண்பு

பிற ஊர்களில் இல்லாத கடப்பாடு ஒன்று கண்டி வணிகர்க்கு உண்டு. இந்நகர் 1988ஆம் ஆண்டு முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. எசல பெரஹராவின் போது கொப்பறைப் பந்தங்களின் செவ்வொளியிலே ஊர்வலம் செல்கின்றது. அவ்வழியில் ஒரு கடையின் பலகை கண்ணைப் பறித்து மின்னுமாயின், அது விளம்பரமாகாது, இங்கிதமின்மையாகும். அந்நாள்களில் ஒளியைத் தணித்தோ அணைத்தோ வைத்தல் பண்புடைமை. மாநகர சபையின் அனுமதி பெறாது வீதியை நோக்கிப் பலகை நீட்டுதலும் தவறு.

மின்னி மின்னி அணைதல் உடல்நலத்துக்கும் ஊறு செய்யக்கூடும். 1997 டிசம்பர் 16ஆம் நாள் யப்பானிலே ஒரு தொலைக்காட்சிச் சித்திரத்திற் சிவப்பும் நீலமும் விரைந்து மாறி மின்னியதைக் கண்ட சிறுவர் நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னாதிருத்தல் ஏற்கப்பட்ட பாதுகாப்பு எல்லை. வாசிப்புக்கும் அஃதே நன்று. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி நொடிக்கு 8 மீற்றருக்கு மேல் நகர்கின்றது. 40 மீற்றர் தொலைவில் எழுத்து புலப்படத் தொடங்கினால், அதனைப் படிக்க ஐந்து நொடியளவே உண்டு. நான்கைந்து சொற்களுக்கு மேற்பட்ட செய்தி அவ்வேளையில் மனத்திற் பதியாது. ஓடும் எழுத்தினும் நிற்கும் எழுத்தே விரைவிற் பதியும்.

தெரிவு

கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் தெரிவு எளிதாகும். மருந்தகம், உணவகம், கல்வி நிலையம் என்பன நேரத்தையும் அறிவித்தலையும் காட்டினாற் போதும். அவற்றுக்கு ஒரு நிற பி-10 பலகையே தகுந்தது. மூன்று மொழியையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திக் காட்டத்தக்க நீளத்தில் அதனை அமைத்தல் வேண்டும். புடைவைக்கடையின் வெளிமுகப்புக்கு நீர்க்காப்புடைய பல்வண்ண பி-5 பொருந்தும். நகைக்கடையின் உள்ளே, அண்மையில் நின்று காண்போர்க்கு பி-2.5 வேண்டப்படலாம். எதனை வாங்கினும், காண்போர் யார், எவ்வளவு தூரத்தில் நிற்பர், எம்மொழியைப் படிப்பர் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே விலையைப் பேசுதல் முறை.

மூன்றாவது வினாவே பெரிதும் மறக்கப்படுகின்றது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என விதித்தது. சட்டம் அரசின் பலகைகளை நெறிப்படுத்தலாம். கடையின் பலகையைக் கடைக்காரரின் கருத்தே நெறிப்படுத்த வல்லது. தோட்டப்புறத்திலிருந்து பேருந்தேறி மருந்து வாங்க வரும் மூதாட்டி ஒருவர், கையில் மருத்துவரின் சீட்டோடு வீதியில் நின்று, இக்கடை இன்று திறந்திருக்குமா என்பதை அறியப் பலகையை அண்ணாந்து நோக்குகின்றார். அவர் படிக்கவல்ல மொழி தமிழ் ஒன்றே. அதிலே கொம்பு இடம்மாறிச் சுழி சிதைந்து நின்றால், பலகையின் ஆயிரக்கணக்கான புள்ளிகளும் அவர்வரையில் இருளே. அவர் நின்ற இடத்திலிருந்தே படித்துணர்ந்து படியேறி உள்ளே வருவாராயின், அப்பலகை தன் விலைக்குரிய பயனைத் தந்ததாகும்.